பேர்கன் வீட்டுச் சுவர் பற்றிய வெள்ளவத்தை விசாரணை

வெளிநாடு போனவர் நாட்டை விட்டுப் போய்விட்டார் என்றொரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள் என்பது மிகுந்த கவலைக்குரியது. உண்மையில் போவது உடம்பும், விமானக் கம்பனி அனுமதிக்கும் நிறைக்கு உட்பட்ட மிளகாய்த்தூளும் மட்டுமே. முடிவெடுக்கும் அதிகாரம் போவதில்லை. அது கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்தவர்களோடு அதே காரில் திரும்பி வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஏதாவதொரு ஒழுங்கையில், ஏதாவதொரு மாடியில் தங்கிவிடுகிறது.

நிஷாந்தியின் அதிகாரம் மூன்றாம் மாடியில் தங்கியிருந்தது. அங்கே அவளுடைய தகப்பன் சாந்தகுமாரும் தாய் ஜீவராணியும் குடியிருந்தார்கள். நிஷாந்தி கலியாணம் முடித்து, கணவன் ஹரிசனோடு நோர்வேயில் பேர்கன் என்ற ஊருக்குப் போயிருந்தாள். அந்த ஊரில் மழை பெய்வது செய்தியல்ல, நிற்பதுதான் செய்தி.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவள் வீடியோ அழைப்பு எடுப்பாள். ஜீவராணி போனை நெஞ்சுக்கு நேரே மல்லாத்திப் பிடித்துக் கதைக்கிறவர். ஆகவே பேர்கனில் தெரிவது தாயின் நெற்றியில் பாதி, திருநீற்றில் கொஞ்சம்; மிச்சமெல்லாம் கூரையில் சுற்றும் மின்விசிறி. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுத பிறகு நிஷாந்தி தாயின் முகத்தை முழுதாகக் கண்டதில்லை. அந்த ஏக்கம் முற்றிய ஒரு நாளில்தான் ஸ்மார்ட் ரீவி என்ற எண்ணம் அவளுக்கு உதித்தது. சிறிய திரையில் பாதி நெற்றி தெரிந்தால், பெரிய திரையில் முழு முகமும் தெரியும் என்று அவள் கணக்கிட்டாள். அவள் பொறியியல் படித்தவள்.

ஹரிசன் வேறு மதத்தவன். அதாவது, இப்போது ஐரோப்பாவில் பரவிவரும் ஒன்றுமில்லாமை என்ற நாகரிகத்தைத் தழுவியவன். அதன்படி வீட்டில் ஒரு பொருளும் இருக்கக்கூடாது. அந்த இல்லாமையை நல்ல கடையில் வாங்கியிருக்க வேண்டும். அவர்களுடைய வரவேற்பறையில் வெறும் சுவர் ஒன்று இருந்தது. அது வெறுமையாக இருப்பதை எடுத்துக்காட்ட விலைகூடிய விளக்கொன்றும் இருந்தது.

"பெரிய ரீவியில நீர் உம்மட அம்மாவைப் பார்க்கப் போறதில்லை. பெரிய ஃபானைத்தான் பார்க்கப் போறீர்" என்றான் ஹரிசன்.

கணவன் மறுத்தால் தகப்பனிடம் கேட்கலாம். கேளாமலே வாங்கியிருக்கலாமே என்று வாசகர் நினைக்கக்கூடும். முன்பொருமுறை குளிர்சாதனப் பெட்டியைக் கேளாமல்தான் வாங்கினாள். சாந்தகுமார் கோபிக்கவில்லை, "நல்லது" என்று மட்டும் சொன்னார். அந்த "நல்லது" தைப்பொங்கல் தாண்டியும் வீட்டில் ஒலித்துக்கொண்டிருந்தது. எனவே இம்முறை அவள் முறைப்படி கேட்டாள்.

"அப்பா, ஒரு ஸ்மார்ட் ரீவி வாங்கட்டோ? நீங்கள் ஓம் எண்டாச் சரி."

சாந்தகுமார் ஒரு திணைக்களத்தில் பிரதிப் பணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் திணைக்களம் என்று சொல்வது கடினம். அமைச்சர் மாறும்போதெல்லாம் அதன் பெயர் மாறியது, காலப்போக்கில் பெயர்ப்பலகை மாற்றுவதே அதன் பிரதான பணியானது. உடனே பதில் சொன்னால் மக்கள் மேலும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது அவர் சேவையில் கற்ற பாடம்.

"கோரிக்கை கிடைத்தது, பிள்ளை. பரிசீலிக்கப்படும்" என்றார்.

ஒரு வாரத்துக்குள் குழு அமைக்கப்பட்டது. தலைவர் சாந்தகுமார். உறுப்பினர், கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஜீவராணியின் தமையன் சின்னராசா. அவர் எதையும் எதிர்ப்பவர் என்பதாலேயே நியமிக்கப்பட்டார். அவர் இல்லாவிட்டால் முடிவு ஏகமனதாகிவிடும், ஏகமனதான முடிவைக் கணக்காய்வு சந்தேகிக்கும். வளவாளர், அதாவது நிபுண ஆலோசகர், கீழ் மாடி ஐறீன் மிஸ். அவருடைய இரண்டு மகன்மாரும் மெல்பேர்னில் அகலமான ரீவிகளுக்கு முன்னால் நின்று எடுத்த படங்களை அவர் கைப்பையில் வைத்திருந்தார். ரீவியைத் தொட்டதில்லை, ஆனால் ஆவணங்கள் கைவசம் இருந்தன. ஜீவராணிக்குக் குழுவில் இடமில்லை. தேத்தண்ணீருக்கும் வடைக்கும் அவரே பொறுப்பு.

கோரிக்கையாளர் சமூகமளிக்காமல் விசாரணை நடத்துவது இயற்கை நீதிக்கு முரண். ஆகவே நிஷாந்தி அழைப்பெடுக்கும் அந்த ஞாயிறு நேரத்திலேயே அமர்வு வைக்கப்பட்டது. போன் தலைவரின் முன்னால் தண்ணீர்ப் போத்தலில் சாத்தி வைக்கப்பட்டது. முதன்முறையாக நிஷாந்திக்கு ஒரு முழு முகம் தெரிந்தது. அது தகப்பனுடையது.

"அந்தச் சுவர் எந்தத் திசை, பிள்ளை?" என்று ஐறீன் மிஸ் தொடங்கினார்.

"வடக்கு, மிஸ்."

"நோர்வேயே வடக்கு. அதுக்குள்ள இன்னொரு வடக்கோ?" என்று சின்னராசா ஆட்சேபித்தார். ஆட்சேபம் குறித்துக்கொள்ளப்பட்டது.

வடைத்தட்டோடு வந்த ஜீவராணி போனுக்குக் கிட்டக் குனிந்தார். "பிள்ளை, சாப்பிட்டியே? தலைக்கு எண்ணெய்..."

"இஞ்சேர், அது நிகழ்ச்சி நிரலில இல்லை" என்றார் சாந்தகுமார். "'வேறு விடயங்கள்' எண்டதில வாரும்."

வேறு விடயங்கள் கடைசியில் வரும். கடைசியில் வலையமைப்பு அறுந்துவிடும். பல ஞாயிறுகளாக ஜீவராணி வேறு விடயமாகவே இருந்தார்.

இன்னோர் அமர்வில் சின்னராசா பாரதூரமான தகவலொன்றைச் சமர்ப்பித்தார். இந்த வகை ரீவி, வீட்டில் கதைப்பதையெல்லாம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்குமாம். சாந்தகுமார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாழ்நாள் முழுவதும் அரச சேவையில் இருந்தவர் அவர். தான் சொல்வதைக் கேட்கக்கூடிய ஒன்று உலகில் இருக்கிறது என்ற செய்தி அவரை நெகிழ வைத்தது. ஆட்சேபம் தள்ளுபடியானது.

அடுத்தது விலைக்கோரல். பதிவு செய்யப்பட்ட மூன்று வழங்குநர்களிடம் விலை பெறாமல் ஓர் ஊசியும் வாங்கக்கூடாது என்பது விதி. நிஷாந்தி பேர்கன் கடையொன்றின் விபரத்தை அனுப்பினாள். அது நிராகரிக்கப்பட்டது. முத்திரை இல்லை, மேலும் நோர்வீஜிய மொழி நாட்டின் மும்மொழிகளில் ஒன்றல்ல.

குழு காலி வீதியில் நுஸ்கியின் கடைக்குப் போனது. நுஸ்கி அரச அலுவலகங்களுக்குச் சாமான் கொடுத்துப் பழகியவர்.

"சாமான் போறது எங்க சேர்?"

"நோர்வே."

"அங்க ரீவி இல்லியா சேர்?"

"இருக்கு. ஆனா அது விடயத்துக்கு வெளியில" என்றார் சாந்தகுமார்.

நுஸ்கிக்கு உடனே விளங்கிவிட்டது. கதிரை போடச் சொன்னார். "மூணு கொட்டேசன்தானே சேருக்கு வேணும்? மூணையும் நானே தாறேன். மச்சான்ட கட சீல் மேசைக்குள்ள ஈக்கி. மருமகன்ட கட சீலும் ஈக்கி. எது கொறய ஈக்கணும் எண்டு மட்டும் சொல்லுங்க."

தான் ஓய்வு பெற்ற பின்னும் மரபுகள் அழியவில்லை என்பதை நேரில் கண்ட சாந்தகுமாருக்குக் கண் கலங்கியது.

மூன்று விலைகளும் கிடைத்த பிறகு தொழில்நுட்ப மதிப்பீடு. காணாத பொருளைப் பற்றி அறிக்கை எழுத முடியாதென்று குழு கருதியது. சாந்தகுமாருடைய திணைக்களத்தில் முடிந்தது, ஆனால் அது திணைக்களம். ஒரு மாதிரியைக் கொஞ்ச நாளைக்குத் தரமுடியுமா என்று கேட்டார்கள்.

"பெட்டிய ஒடச்சா ஒங்கடதான் சேர்" என்றார் நுஸ்கி.

பெட்டி உடைக்கப்பட்டது. அதற்கான செலவு, ஜீவராணி மகளிடம் போய்வரும் விமான டிக்கட்டுக்கென்று வங்கியில் போட்டு வைத்திருந்த பணத்திலிருந்து தற்காலிகமாகப் பெறப்பட்டது. அரச மொழியில் தற்காலிகம் என்ற சொல்லுக்கு உள்ள நீளத்தை ஜீவராணி அறிவார். அவர் ஒரு பிரதிப் பணிப்பாளரோடு குடும்பம் நடத்தியவர்.

"நல்லது" என்றார் ஜீவராணி.

ரீவியை மாட்டுவதற்குப் பொருத்தமான சுவரில் நிஷாந்தியின் கலியாணப் படம் இருந்தது. படம் படுக்கையறை அலுமாரிக்கு மேலே மாற்றப்பட்டது.

முதலாவது பரிசோதனை ஞாயிறன்று நடந்தது. நுஸ்கியின் கடையாள் போனை ரீவியோடு இணைத்து, போனை மேசையில் மல்லாத்தி வைத்துவிட்டுப் போனான். சுவர் நிறைய நிஷாந்தி தோன்றினாள். தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்த ஜீவராணி அப்படியே நின்றுவிட்டார். மகளுடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. சின்னப் போனில் இதெல்லாம் தெரிந்ததில்லை. அவர் கிட்டப்போய் அந்தக் கன்னத்தைத் தடவினார்.

"தொடாதையும்" என்றார் சாந்தகுமார். "விரல் அடையாளம் படும். அது ஆய்வுக்கு எடுத்த மாதிரி."

"அம்மா, நிக்கிறீங்களோ?" என்று பேர்கனிலிருந்து குரல் வந்தது. "போனை நேரா வையுங்கோ. எனக்கு ஃபான்தான் தெரியுது."

போனை அசைத்தால் இணைப்பு அறுந்துவிடும் என்று ஐறீன் மிஸ் நிபுணத்துவ ஆலோசனை வழங்கினார். போன் அசைக்கப்படவில்லை.

இரண்டாவது, தொடர்பாவனைப் பரிசோதனை. சாதனம் நீண்டநேரம் தாக்குப்பிடிக்குமா என்று அறிய நீண்டநேரம் பார்க்க வேண்டியிருந்தது. இதற்கென்று இணையத்தில் ஒரு தொடர் நாடகம் தெரிவு செய்யப்பட்டது. இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் மாறி மாறி நஞ்சு வைப்பது அதன் கதை. ஒரு பாகம் முடிந்தால் அடுத்தது தானாகவே தொடங்கிவிடும். நிறுத்தும்படி குழுவிடம் எவரும் கேட்காததால் குழு நிறுத்தவில்லை. சின்னராசா கொட்டாஞ்சேனையிலிருந்து நாள்தோறும் பஸ் பிடித்து ஆய்வுக்கு வந்தார். நாடகத்தில் வரும் எல்லோரையும் எதிர்த்தார். ஐறீன் மிஸ் தன் தலையணையைக் கொண்டுவந்து வைத்தார், பிறகு எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஜீவராணி முதலில் குசினி வாசலில் நின்று பார்த்தார். அடுத்த கிழமை கதிரைக் கைப்பிடியில் இருந்தார். அதற்கடுத்த கிழமை கதிரையில்.

அந்த ஞாயிறு நிஷாந்தி அழைத்தபோது வழமைபோல் போன் மேசையில் மல்லாந்து கிடந்தது. அன்றைக்கு அவளிடம் உண்மையிலேயே சொல்ல விடயம் இருந்தது. ரீவி வேண்டாம், அம்மாவுக்கு டிக்கட்டை நானே போடுகிறேன், எப்போது வருகிறா என்று கேட்க வந்திருந்தாள்.

"அம்மா, ஒரு விசயம் கேக்கவேணும்."

"பொறு பிள்ளை" என்றார் ஜீவராணி, கண்ணை எடுக்காமல். "பாலைக் குடிக்கப் போறாள்."

பால் குடிக்கப்படுவதற்குள் பாகம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது.

அறிக்கை அதற்கடுத்த ஞாயிறு, இரு பாகங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் வாசிக்கப்பட்டது. தலைவர் எழுந்து நின்றார்.

"மேற்படி சாதனம் நிறுவப்பட்ட இல்லமொன்றில், குடும்ப அங்கத்தவர்களுக்கிடையிலான உரையாடல் பாரிய அளவில் குன்றியமை இக்குழுவினால் நேரில் அவதானிக்கப்பட்டுள்ளது. குறிப்பாக, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுடன் கதைப்பதில் பெற்றோர் ஆர்வம் இழக்கின்றனர். ஆகவே, கோரிக்கையாளரின் குடும்ப நலன் கருதி, கொள்வனவு சிபாரிசு செய்யப்படவில்லை."

ஐறீன் மிஸ் வழிமொழிந்தார். வாழ்க்கையில் முதற்தடவையாகச் சின்னராசா எதிர்க்கவில்லை. அடுத்த பாகம் தொடங்கியிருந்தது. மாதிரி, மேலதிக ஆய்வுக்காகத் தொடர்ந்து குழுவின் பொறுப்பில் வைத்திருக்கப்படும் என்றும் தீர்மானிக்கப்பட்டது.

பேர்கனில் ஹரிசன் இந்த முடிவை வரவேற்றான். மகிழ்ச்சியில் அந்த வெறும் சுவருக்கு இன்னொரு விளக்கு வாங்கினான். அதைப் பற்றி அவன் எவரிடமும் கேட்கவில்லை.

நிஷாந்தி இப்போதும் ஞாயிறு தவறாமல் அழைக்கிறாள். வெள்ளவத்தையில் எவராவது பொத்தானை அமத்திவிட்டுப் போனை மேசையில் வைக்கிறார்கள். சென்ற வாரம் அவள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தாள்: மின்விசிறியின் ஓர் இறக்கையில் ஒட்டடை தொங்குகிறது, யாராவது தட்டிவிடுங்கோ.

கோரிக்கை கிடைத்ததாகச் சாந்தகுமார் அறிவித்துள்ளார்.