வலப்பக்கம் திரும்பிய வண்டி

இந்தக் கதையைப் பல வருடங்களாகப் பெருமையோடு சொல்லி வருகிறேன். அத்தனை வருடங்களாக எனக்கே அதில் சந்தேகமும் உண்டு.

ஓட்டுநரே இல்லாமல் ஓடும் கார்களுக்குள் இணையம் வழியாகத் திருடன் புகாமல் காப்பது என் வேலை. சோதனை வண்டி ஒன்று என் வீட்டு வாசலில்தான் நின்றது. என் மனைவிக்கு மண் ஆய்வகத்தில் வேலை.

"ஏங்க, பழைய பேட்டரி ஆலை மண்ணை மழைக்கு முன்னாடி எடுத்துச் சோதிக்கணும். இல்லேன்னா ஈயம் கரைஞ்சு கிணத்துக்கெல்லாம் இறங்கிடும். எங்க வண்டி மக்கர். உங்க காரைக் கொடுங்க."

"கம்பெனி கார்ல மண் மூட்டையா? என்னை மீறி எவனாலயும் அதைத் திருப்ப முடியாது, தெரியுமில்ல!"

"எவனாலயும் முடியாது. சரி."

அவ்வளவு சீக்கிரம் அவள் 'சரி' சொன்னபோதே நான் விழித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை எனக்கு முன்பே கிளம்பிவிட்டாள். சோதனை ஓட்டத்துக்கு மேலாளர் தெருமுனையில் ஏறினார். கால்சட்டையெல்லாம் சேறு. "வாக்கிங்" என்றார். அவர் வீட்டுக் கிணறும் அந்த ஆலைக்குப் பக்கத்தில்தான்.

நான் மடிக்கணினியில் மூழ்கியிருந்தபோது, நேரே போகவேண்டிய கார் திடீரென்று வலப்பக்கம் திரும்பியது. அந்தப் பாதை முடியும் ஆலை வாசலில் போய் நின்றது. எதிரே மூட்டைகளோடு என் மனைவி!

"அட, நீங்களா!"

என் வேலையே போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் மூளை கைவிடவில்லை.

"சார், எவனோ உள்ளே நுழையப் பார்த்திருக்கான். என் பாதுகாப்பு ஏற்பாடு வண்டியை ஆளில்லாத இடத்துல கொண்டுவந்து நிறுத்திடுச்சு!"

"பிரமாதம்யா! வந்ததுதான் வந்தோம், மூட்டையை ஏத்து."

பரிசோதனையில் ஈயம் தெரிந்தது, விஷ மண்ணை அள்ளினார்கள், கிணறுகள் தப்பின. எனக்குக் கேடயம் கிடைத்தது. இன்றும் கூடத்தில் மின்னுகிறது. ஆனால் வண்டியின் பதிவில் எவனும் நுழைந்த தடயமே இல்லை. அதுதான் என்னை அரித்தது.

போன வாரம் கார் கொட்டகையில் ஒரு இரும்புப் பலகை அகப்பட்டது. ஆய்வகத்தின் முத்திரை. 'மண் ஆய்வு. நேர்வழி இல்லை. வலப்பக்கம் செல்க.'

"இது உன் வேலையா?"

"ஆமா. பலகையைப் பார்த்துச்சு, திரும்புச்சு. இந்த வீட்டுல நான் சொல்றதைக் கேட்டது அது ஒண்ணுதான்."

பலகையைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. சேறு படிந்த அந்தக் கால்சட்டை நினைவுக்கு வந்தது.

"ஏம்மா... இதோட இன்னொரு முனையைப் பிடிச்சது யாரு?"