கலோரி சாரின் சாப்பாட்டு டைரி

ஒரு மெதுவடையைக் கையில் தூக்கிப் பார்த்து, அதன் எடையைக் கிராம் பிசகாமல் சொல்லக்கூடிய ஒரே மனிதர் கடலூர் மாவட்டத்தில் கலோரி சார்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது.

2009-ல் நாங்கள் இருவரும் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அவர் ரெக்கார்டு செக்‌ஷன் சூப்பிரண்டு. தினமும் சிதம்பரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். அவர் உட்கார்ந்தபின் மிச்சமிருக்கும் சீட்டில் நான் உட்காருவதாகப் பேர். அவர் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ.

ஒருநாள் பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது சொன்னார்: "யோவ், நான் பன்னெண்டு கிலோ எளைக்கணும்யா."

"எதுக்கு சார்?"

"தம்பிக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. என்னுது சேருதாம். ஆனா இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு ஆப்ரேசன் பண்ண மாட்டேங்கிறாரு பாண்டிச்சேரி டாக்டரு. எம்பதுக்கு எறங்கிட்டு வாங்கன்றாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் இவர் மூன்றாம் தடவை பாயசம் கேட்டபோது, "அண்ணனுக்கு இன்னும் ஒண்ணு வைங்கப்பா, அண்டாவோட வைங்க" என்று தம்பி ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். அன்றோடு சரி.

"தம்பிகிட்ட பேசிட்டீங்களா சார்?"

"அவன்கிட்ட நான் எதுக்குய்யா பேசணும்? கிட்னி வேற, பேச்சு வேற."

சாப்பிடுவதையெல்லாம் எழுதி வைக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். இன்டர்நெட்டில் இலவசமாக ஒரு சாப்பாட்டு டைரி இருப்பதாகவும், தின்றதைப் போட்டால் கலோரியை அதுவே கூட்டிச் சொல்லும் என்றும் யாரோ இவரிடம் சொல்லிவிட்டார்கள். அலுவலகத்தில் இன்டர்நெட் வந்த ஒரே கம்ப்யூட்டர் என் மேஜையில் இருந்தது. என் கிரகம். தினமும் பத்து மணிக்கு அவர் நின்றபடி சொல்வார், நான் அடிப்பேன்.

"நேற்று மாலை ஐந்து பத்து. மெதுவடை. எண்ணிக்கை ஒன்று."

அந்தத் தளம் அமெரிக்காவில் பிறந்தது. இட்லி என்று அடித்தால் "எத்தனை கப்?" என்று கேட்டது.

"இட்லிய யாருய்யா கப்புல அளப்பாங்க?" என்று சீறியவர், மறுநாள் ஓர் இட்லியை டீ கப்பில் அமுக்கிக் கொண்டுவந்தார். முக்கால் கப். போட்டோம்.

கப்புக்குப் பதிலாகக் கிராமும் போடலாம் என்று கண்டுபிடித்தபின் தபால் எடை போடும் தராசு அவர் வசமானது. முதலில் வடை ஏறும், பிறகு அரசுத் தபால் ஏறும். மூன்று வாரத்தில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தங்கள் அலுவலக உறைகள் எண்ணெய்க் கறையுடன் வருகின்றன, விளக்கம் தேவை. விளக்கத்தை கலோரி சாரே எழுதினார். அதையும் அதே தராசில் எடை போட்டுத்தான் அனுப்பினார்.

மூன்று மாதம் ஓடியது. டைரிப்படி அவர் எண்பத்து மூன்று கிலோ இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு மெஷின் தொண்ணூற்று மூன்று என்றது. மெஷின் மேல் சந்தேகப்பட்டு நெல் மண்டித் தராசில் போய் ஏறினார். "தொண்ணூத்தி மூணு, அரை" என்று மண்டி ஆள் தெரு கேட்கச் சொன்னார்.

தம்பிக்கு வாரம் மூன்று டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. பொங்கலுக்குள் எடை இறங்காவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கலோரி சார், "எல்லாத்தையும் எழுதிக்கிட்டுதானேய்யா இருக்கேன்" என்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடராசர் கோயிலில் அவரைப் பார்த்தேன். கையில் இலை. இலையில் சம்பா சாதம், கொத்சு. தராசு இல்லாமலேயே சொல்லலாம், அரைக் கிலோ.

"சார், இத சொல்லவேயில்லயே!"

"இது சாப்பாடு இல்லய்யா, பிரசாதம்."

குடைந்து கேட்டேன். சனிக்கிழமை தோறும் ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் கோயிலில் கோரைக்கிழங்கு உருண்டை. செக்‌ஷன் மேரி மேடம் மாதா திருவிழாவுக்குக் கொடுத்த கேக். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. எல்லாச் சாமிக்கும் ஒரே நீதி, எதுவும் டைரியில் ஏறவில்லை.

"எதுக்கு சார் இவ்ளோ கோயிலு?"

"அவன் பொழைக்கணும்ல?" என்றார், இலையைப் பார்த்தபடி.

தம்பி பிழைக்க வேண்டும் என்று வேண்டி வேண்டியே, தம்பிக்குக் கொடுக்க முடியாதபடி ஏறிக்கொண்டிருந்தார் மனிதர். அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். கலோரி சார் இலையைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

அதன் பிறகும் ஒரு கோயிலையும் விடவில்லை. பிரசாதம் வாங்கி, கண்ணில் ஒற்றி, ஒரே ஒரு பருக்கையை வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தைத் தானம் செய்தார். மறுநாள் அதையும் எழுதச் சொன்னார்.

"சம்பா சாதம். பருக்கை ஒன்று."

"எத்தனை கப்?" என்றது தளம்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு மண்டித் தராசு எழுபத்தொன்பது எண்ணூறு காட்டியது. மண்டி ஆள் கை தட்டினார். ஆப்ரேசன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியிலும் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

நாலு மாதம் கழித்து, "கீரப்பாளையம் போயி அவன பாத்துட்டு வரணும். நடுவுல பேச ஆளு வேணும், நீ வாய்யா" என்றார். எடை மறுபடி ஏறிவிடக் கூடாது என்பதால் டைரி தொடர்ந்துகொண்டிருந்தது. குறித்துக்கொள்ள நோட்டோடு போனேன்.

தம்பி ஒரு முழம் தள்ளி எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"ஒடம்பு தேவலாமான்னு கேளுய்யா" என்றார் சார் என்னிடம்.

"நல்லாருக்கேன்னு சொல்லுங்க" என்றார் தம்பி, அதுவும் என்னிடம்.

தம்பி மனைவி இட்லி வைத்தார். சார் இரண்டோடு தட்டைக் கையால் மறைத்துக்கொண்டார். தம்பி அந்தக் கையையே பார்த்தார். பிறகு மனைவியிடம் மெதுவாக, "அண்ணனுக்கு இன்னும் ஒண்ணு வையி" என்றார்.

பதினோரு வருஷத்தைத் தின்ற அதே வார்த்தை. கலோரி சார் தலையைக் குனிந்தபடி தட்டிலிருந்து கையை எடுத்தார். இட்லி விழுந்தது. ஒரு விள்ளல் விடாமல் சாப்பிட்டார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நோட்டைப் பிரித்தேன். "இட்லி மூணுன்னு போடட்டுமா சார்?"

"ரெண்டு போடுய்யா" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "மூணாவது பிரசாதம்."

இரண்டு என்றே எழுதினேன். அந்த டைரியில் நான் தெரிந்தே செய்த தப்பு அது ஒன்றுதான். அவரே வந்து சொன்னாலும் திருத்த மாட்டேன்.