ஓட்டைக் குடைத் தீர்மானம்

பெரிய காரியங்களுக்குப் பெரிய காரணங்கள் வேண்டும் என்று நினைப்பது சின்ன மனிதர்களின் வழக்கம். எங்கள் குடைக் கம்பெனியின் மேலாளர் அப்படிப்பட்டவர் அல்ல. மலையளவு காரியத்தைக் கடுகளவு காரணத்தின் மேல் நிறுத்திக் காட்டும் மகான் அவர். நிர்வாகக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

மேலாளரிடம் ஒரு ஜோக் உண்டு. ஒன்றே ஒன்றுதான். ஆண்டு விழாவோ இரங்கல் கூட்டமோ, எதுவானாலும் அதைச் சொல்லிவிடுவார். ஓட்டைக் குடையோடு ஒருவன் போகிறான். குடையில் ஏன் ஓட்டை என்று நண்பன் கேட்கிறான். இந்த இடத்தில் மேலாளர் நிறுத்திவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். துடைத்து முடித்த பிறகுதான் பதில் வரும். அதன்பின் சிரிப்பது எங்கள் "பணி விதி".

போன மாதக் கூட்டத்தில் துடைப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது. தரப் பரிசோதனை அக்கா, கையிலிருந்த குடையின் கம்பியை நெம்பிப் பார்த்தபடியே, "மழை நின்னுடுச்சான்னு பாக்கத்தான்" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூடமே குலுங்கிச் சிரித்தது. அந்த ஜோக்குக்கு யாரும் மனமாரச் சிரித்தது அதுவே முதல் தடவை. மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. சரியாகப் பகல் சாப்பாட்டு நேரம்.

"அந்தம்மாவுக்கு அவசர புத்தி. தரம் பாக்கிறவங்களுக்கு நிதானம் வேணாமா?" என்றார் மேலாளர்.

"ரொம்ப வேணும் சார். குடையே நிதானமாத்தான் விரியணும்" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"அவங்க பாத்து அனுப்பின குடை எதுவும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லையே சார்?" என்று கணக்கர் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"அதான்யா நானும் சொல்றேன். குறையே வராதப்போ, குறை பாக்க ஆள் எதுக்கு?"

இந்தத் தர்க்கத்தை நான் ஓர் எழுத்து விடாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அக்காவின் கணவர் படுத்த படுக்கை, அக்காவின் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது என்பதெல்லாம் "குழுவின் வரம்புக்கு" அப்பாற்பட்டவை. கைகள் உயர்ந்தன. கணக்கருடையது கொஞ்சம் தயங்கித் தயங்கி உயர்ந்தது. என்னுடையது எல்லாருக்கும் முந்தி. அக்காவை வேலையிலிருந்து நிறுத்தும் "மறுசீரமைப்பு" ஏகமனதாக நிறைவேறியது.

சாயங்காலம் அக்கா என்னை வாசலில் வழிமறித்தார்.

"தம்பி, எனக்கு எல்லாம் தெரியும். அந்தாளுக்காவது என் மேல கோபம். ஸ்டோர்க்காரருக்கும் கணக்கருக்கும் பயம். உனக்கு என்ன? நீதான் முதல்ல கை தூக்கினியாமே?"

பொய் சொல்வது எங்கள் குழுவின் மரபல்ல.

"கூட்டம் சீக்கிரம் முடியட்டும்னுதான்க்கா. சாப்பாடு ஆறிக்கிட்டிருந்துச்சு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கழித்து ஒதுக்க வேண்டிய குடையை அப்படித்தான் பார்ப்பார்.

"அப்புறம் சூடா சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா."

"நல்லது. எங்க வீட்டு அடுப்பை அணைச்சதுக்கு, உன் சோறாவது சூடா இருந்துச்சே."