கிச்சாப் போத்தலை அப்புறப்படுத்திய விவரம்

செடெனாக் தோட்டம்
1934, ஆவணி

அன்பு மகள் செல்லத்துக்கு அப்பா ஐயாசாமி ஆசீர்வாதத்துடன், பிறர் கை படாமல், தானே எழுதுவது. நான் நலம். நீங்கள் மூவரும் நலமென்று எழுதினால் இனி நானே படித்துக்கொள்வேன். இவ்வளவு எழுத ஒரு காலைப்பொழுது போயிற்று. சந்தோஷமாகப் போயிற்று.

தைப்பூசத்துக்கு வந்தபோது, "அந்த ஆசிட் வீட்ட விட்டுப் போனாத்தான்பா புள்ளையோட வருவேன்" என்றாய். ரப்பர்ப் பால் உறையவைக்கும் ஆசிட்டை ஸ்டோரிலிருந்து கிச்சாப் போத்தலில் வாங்கிவந்து பித்தளை துலக்குவது இந்த லயத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். சோற்றில் ஊற்றும் சோயாக் கிச்சாப்பு என்று பேரன் கனகராஜ் வாயில் வைத்தால் என்னாவது? நீ கேட்டது நியாயம். ஏழு மாதமாயிற்று. அவன் இப்போது நடக்கிறானாம். நான் பார்த்தது தவழ்ந்ததைத்தான்.

வாய்க்காலில் கொட்டினால் பக்கத்து வீட்டுக் காளியம்மாவின் வாத்துகள் சாகும், மண்ணில் ஊற்றினால் கீரைப்பாத்தி கருகும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தம்பிராஜா ஐயாவைக் கேட்கலாம் என்று நேற்றுப் போத்தலோடு புறப்பட்டேன். வழியில் யாரும் தெரியாமல் குடித்துவிடக் கூடாதே என்று காகிதத்தில் 'விஷம்' என்று எழுதி அதன்மேல் ஒட்டினேன். எழுத்து அவ்வளவு அழகாக வந்துவிட்டது. காளியம்மாவிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை.

"என்னங்க மாமா எழுதியிருக்கு?"

"விஷம்னு எழுதியிருக்கேன். இன்னியோட முடிச்சிரலாம்னு கெளம்பிட்டேன்."

"அலமாக்! மகளப் பாக்காத ஏக்கத்துல மாமா குடிக்கப் போறாரே!"

கங்காணி அய்யாவு ஓடிவந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார், இரண்டு பேர் கால்களைத் தூக்கினார்கள், இன்னொருவர் போத்தலைப் பிடுங்கிக்கொண்டார்.

"விடுங்கப்பா, கொட்டத்தான் போறேன்!"

"வாயிலயா?" என்று அழுதாள் காளியம்மா.

அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். டிரஸ்ஸர் ஐயா என் வாயைத் திறந்து பார்த்தார். இரண்டு பல்தான் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "இதை ஓரிடமும் ஊத்தாதேங்கோ ஐயா. மூடினபடியே ஸ்டோருக்குத் திருப்பிக் குடுங்கோ" என்றார். கொடுத்துவிட்டேன். பித்தளைக்கு இனி புளிதான்.

ஆகவே வீட்டில் ஒரு பயமும் இல்லை. தீபாவளிக்குக் குழந்தையோடு வா, அம்மா. மருமகனுக்கு என் அன்பு. மாரியம்மன் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா ஐயாசாமி

பின்குறிப்பு: நீ வரவேண்டாம். நான் குடிக்கத்தான் போனேன் என்று கங்காணி துரையிடம் அழுது, எனக்கு நாலு நாள் லீவு வாங்கிவிட்டார். நானும் இல்லை என்று சொல்லவில்லை. சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். குளுவாங் என்ற உங்கள் ஊர்ப் பலகையை நானே படித்து இறங்கிக்கொள்வேன், யாரும் வர வேண்டியதில்லை. ஆனால் பேரன் ஸ்டேஷன் வரைக்கும் நடப்பானா?