கொலையா, பெயரா?

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பழைய துப்பறியும் கதைகளைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்களே, அவற்றிலேயே பிறந்து, அவற்றிலேயே செத்து, மறுவருடம் வேறொரு மீசையோடு எழுந்து வரும் ஒரு ஜீவராசி உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் வாயில் வராது. போன தடவை பாதிரியாராக வந்து குளத்தில் மிதந்தாரே என்பீர்கள். அவரேதான்.

அவர் கையில் கதைவசனத்தைக் கொடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தைத் திறக்கவே மாட்டார். நேரே கடைசிப் பத்துப் பக்கம். எல்லோரையும் வரவேற்பறையில் உட்காரவைத்துத் துப்பறிவாளர் விரலை நீட்டுகிற இடம். விரல் வேறு பக்கம் போய்விட்டால் கதையில் ஆழமில்லை, வசனம் சப்பென்றிருக்கிறது, மாளிகையில் ஈரக்காற்று, கொடுத்த முட்டை வேகவில்லை. பத்தாவது நிமிடத்தில் பிணமாகிறவர்களோடு சாப்பாட்டு மேசையில் உட்காரவும் மாட்டார். பிணத்துக்கு என்ன மரியாதை?

குரல் இருக்கிறதே, ஏழு தலைமுறைப் பிரபு பேசுவதுபோல மூக்கின் வழியாக வரும். அப்பா கிரிம்ஸ்பி என்கிற மீன்பிடி ஊரில் மீன் பொரித்து விற்றவர். அதில் என்ன குறை? ஒரு குறையுமில்லை. அதை மறைக்கத்தான் இத்தனை மூக்கு.

இந்த இனத்தின் அசல் சரக்கு டெஸ்மண்ட் ஹாலிவெல். உடை மாட்டிவிடும் பிரிவில் நான் இருந்த ஆறு வருடத்தில் அவருக்கு மூன்று கர்னல், இரண்டு பாதிரியார், உயில் படிக்கும் வக்கீல் ஒருவர் என்று மாட்டிவிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கொலைகாரர் இல்லை. இருபத்திரண்டு வருட ஏக்கம் போன வசந்தத்தில் தீர்ந்தது: பணக்கார அத்தைக்கு விஷம் வைக்கும் டாக்டர். நான் பொத்தான் போடும்போதே விஷம் ஊற்றுவதுபோல விரலைச் சாய்த்துப் பழகிக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டாரா? ஆரம்பப் பெயர்ப்பட்டியலில் எல்லோருக்கும் கடைசியாக, தனியாக, முன்னால் ஒரு ‘மற்றும்’ போட்டுத் தன் பெயர் வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். நடிகர்களுக்கு அது பட்டாபிஷேகம். ஞாயிறு மாலை பிஸ்கட்டோடு சோபாவில் சாய்கிற சனங்களுக்கோ அது துப்பு. ‘மற்றும்’ யாரோ, அவரே கொலைகாரர்.

ஒளிபரப்புக்கு முன் நாற்பது பேரைக் கூட்டிப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கொலைகாரர் யாரென்று தோன்றியதும் சீட்டில் எழுத வேண்டும். அத்தை இன்னும் மாடியிலிருந்தே இறங்கவில்லை. முப்பத்தேழு பேர் டாக்டர் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

சில்லறைத் திருத்தம் ஒன்றைப் படமெடுக்க டெஸ்மண்ட் ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, இயக்குநர் ஜூடித் வந்து விஷயத்தைச் சொன்னாள்.

“டெஸ்மண்ட் டார்லிங், ஒண்ணு பண்ணலாம். உங்க பேரை நடுவுல போட்டுடறேன். கொலை உங்களுக்கே இருக்கட்டும்.”

“நடுவுலன்னா எங்க?”

“வேலைக்காரியா வர்ற பொண்ணுக்கு அடுத்தாப்ல.”

“அவளுக்கு இதுதான் மொதல் படம், ஜூடித்.”

“தெரியும். இல்லேன்னா கடைசி சீனைத் திரும்ப எடுத்து, கொலையை அவகிட்ட குடுத்துடுவேன்.”

டெஸ்மண்ட் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். ஒப்பனைக்காரி பெவர்லியின் கையில் தூரிகை அப்படியே நின்றது.

“பேரு இருக்கற எடத்துலயே இருக்கட்டும்.”

“இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து, குடுக்கப் போற நேரத்துல விஷத்தைக் கீழ வெச்சுட்டீங்களே, செல்லம்” என்றாள் பெவர்லி.

புதுக் கடைசிக் காட்சியை ஒரே காலையில் எடுத்து முடித்தார்கள். அந்தப் பெண் புருவத்தைக்கூட அசைக்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். விளக்குப் பிடிக்கிறவர்கள்கூடக் கைதட்டினார்கள். சோபாவின் ஓரத்தில் டெஸ்மண்டுக்கு மிஞ்சியது ஒரு வரி: “கடவுளே, நம்ம வேலைக்காரியா?” அதையும் ஆறு தடவை எடுக்கவேண்டியிருந்தது.

ஒளிபரப்பான மறுநாள் பத்திரிகை முழுக்க அவள். பாவம், மனிதர் உடைந்திருப்பார் என்று நினைத்தேன். எங்கே! எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, மூக்கின் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “நேத்து இந்த நாடே என்னைத்தான் சந்தேகப்பட்டுது, கவனிச்சீங்களா?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்ததே, அதில் நல்வரவை விரும்புகிறவர்களின் வரிசையில் உங்கள் பெயர் எத்தனையாவது என்று விரல் வைத்துத் தேடினீர்களே, பெண்ணின் பெயர் என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?