இடப்பக்கம் இழுத்த வேன்

கோவித்துக்கொண்டு போன என் பெண்டாட்டி சம்பூர்ணத்தைத் திரும்பக் கூப்பிடப் போவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். திங்கட்கிழமை காலையில் காபித்தூள் டப்பாவைத் தேடும்போதே அந்த முடிவு ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் எடுத்த முடிவை யாரிடம் போய் வாபஸ் வாங்குவது? ஊட்டில்தான் ஆள் இல்லையே.

அவள் பொதட்டூர்பேட்டையில், அம்மா ஊட்டில் இருந்தாள். ஆடிக் கிருத்திகைக்கு நம்ம வேனிலேயே எல்லாரும் திருத்தணி போகலாம் என்று கேட்டாள். என் வேன், கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கம்பெனிகளுக்கு சிமெண்டும் கம்பியும் ஏற்றுகிற வேன். எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயசு. இது தொழில் வண்டி, உங்க குடும்பத்துத் தேர் இல்லை என்று சொன்னேன். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பொன்னேரியில் பஸ் ஏறிவிட்டாள்.

போகும்போது கொடியில் ஒரு ஊதாப் புடவையை விட்டுப் போயிருந்தாள். வெயிலில் அது வெளுத்துக்கொண்டே வந்தது. நான் எடுத்து மடிக்கவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டால் அவள் நிஜமாகவே போய்விட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது. திட்ட ஆள் இல்லாத ஊட்டில் சோறு கூடத் தொண்டையில் இறங்கவில்லை. நான் வடித்த சோறு என்பதும் ஒரு காரணம்.

இந்த நிலைமையில்தான் தச்சூர் கூட்டு ரோட்டில் அது நடந்தது. எனக்கு முன்னால் ஒரு பஸ். பின் ஜன்னல் ஓரம் ஒரு பொம்பளை. அதே கொண்டை, அதே கனகாம்பரம், கழுத்தை அதேபோல ஒரு பக்கம் சாய்த்த மாதிரி. கோபம் தீர்ந்து வந்துவிட்டாள் என்று மனசு துள்ளியது. கால் மட்டும் பிரேக்குக்குப் போகவில்லை. பஸ் நின்றது. நான் நிற்கவில்லை.

சத்தம் கேட்டு அந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். சம்பூர்ணம் இல்லை. அம்பது வயசு இருக்கும்.

பஸ்ஸுக்குக் கொஞ்சம் பெயிண்ட் போனதோடு சரி. எனக்கும் கீறல் இல்லை. வேனுக்குத்தான் முன்பக்கத்து இடது சக்கரம் கோணிக்கொண்டது. நேராகப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் வயலைப் பார்த்து இழுத்தது. உருட்டிப் புரட்டி பொன்னேரியில் தானியேல் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

தானியேல் அடியில் படுத்துப் பார்த்தான். ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற டை ராடு வில்லாக வளைந்திருந்தது. ஸ்டீரிங் பெட்டியிலும் பல் தேய்ந்திருந்தது.

"ப்ளே ஜாஸ்தி நைனா, லூசா ஆடுது. நீ பாட்டுக்கு இங்க சுத்திக்கினு கீற, சக்கரத்துக்கு சேதியே போவல."

என் குடும்பத்தைப் பற்றி இவனுக்கு யார் சொன்னது என்று ஒரு கணம் திகைத்துப்போனேன்.

இந்தக் காலத்து வண்டி இல்லை என்பதால் சாமான் புதுப்பேட்டையில் பழைய இரும்புக் கடைகளில்தான் தேட வேண்டும் என்றான். அது வருகிறவரை எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு யோசனை வரும். எனக்கும் வந்தது. நான் போய்க் கூப்பிடக் கூடாது. அவளாக ஓடிவர வேண்டும். ஆக்சிடெண்ட் நிஜம். அடிபட்டது வேன் மட்டும்தான் என்று யார் சொல்ல வேண்டும்?

பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி, புடவை மூட்டையோடு பொன்னேரிக்கு வருகிற தணிகாசலத்தைப் பிடித்தேன். வண்டி மோதி எனக்கு வலது கை ஒடிந்துவிட்டதாக சம்பூர்ணம் காதில் போடச் சொன்னேன். அவர் என் வலது கையை ஏற இறங்கப் பார்த்தார். அதில்தான் அவருக்கு வாங்கிக்கொடுத்த டீயை நீட்டிக்கொண்டிருந்தேன்.

தானியேல் சாமானோடு திரும்பி, ராடை மாட்டி, சக்கரம் நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தான். பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம்வரை நூலை இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு முனையை நான் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் திருவள்ளூர் பஸ் வந்து நின்றது. அண்ணி மாதிரி யாரோ இறங்குறாங்க என்றான் தானியேல். நூலை விட்டேன். கொல்லைச் சந்து வழியாக ஊட்டுக்கு ஓடி, கிழிந்த வேட்டியில் கையைச் சுற்றித் தூளி கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன்.

அவள் வருவதற்கு நேரம் பிடித்தது. உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். முந்தானையால் முகத்தைத்தான் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அதன்பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வேன்? ரசம் சோறு பிசைந்து ஊட்டினாள். தலை துவட்டிவிட்டாள். ஊதாப் புடவையை எடுத்து மடித்தாள். ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். உண்மையிலேயே ஒடிந்திருக்கக் கூடாதா என்று அந்தக் கையை நினைத்து ஏங்கினேன்.

கிருத்திகைக்கு முந்தின நாள் வாசலில் ஹாரன் கேட்டது. என் வேன். சிமெண்ட் தூசு போகக் கழுவி, உள்ளே ஜமக்காளம் விரித்து, முகப்பில் சாமந்தி மாலை. ஓட்டிவந்தது அவள் தம்பி முனிகிருஷ்ணன். ரைஸ் மில்லில் லாரி ஓட்டுகிறவன். தானியேலிடம் அவள்தான் சொல்லி வண்டியை எடுக்க வைத்திருக்கிறாள்.

நானே ஓட்டுகிறேன் என்று வாய்வரை வந்தது. கட்டைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். கூடவாவது வருகிறேன் என்றேன்.

"ஒடிஞ்ச கை குலுங்கக் கூடாது மாமா," என்றான் மச்சான், ரொம்ப மரியாதையாக.

போகிற வழியில் அம்மா, அக்கா, பசங்க எல்லாரையும் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. சம்பூர்ணம் தலை நிறைய கனகாம்பரத்தோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அந்த சீட்டில் அவள் ஏறி நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு அழகாக இருந்தாள். வண்டி கிளம்பியது, கொஞ்சம்கூட இடப்பக்கம் இழுக்கவில்லை. நாலடி போனதும் நின்றது. மனசு மாறிவிட்டாள் என்று ஓடினேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அடுப்பங்கரையில பாத்திரம் கெடக்குது. கட்ட அவுத்துட்டுக் கழுவுங்க, துணி நனைஞ்சிடப் போவுது."