மாப்பிள்ளை எந்த ராஜ்யத்துப் பிரஜை?

ஏசு மரி சூசை துணை

மேலப்புதூர், திருச்சிராப்பள்ளி,
1936-ம் வருஷம் நவம்பர் மாதம் 19-ந் தேதி, வியாழக்கிழமை.

பிரெஞ்சுக்காரர் ஆளும் சைகோன் பட்டணத்தில் உத்தியோகமாயிருக்கும் கனம் பொருந்திய மாப்பிள்ளை அருள்நாதன் அவர்களுக்கு மாமனார் ஸ்தனிஸ்லாஸ் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும், உங்கள் மாமியார் அக்னஸும், செல்வமேரியும், நீங்கள் இன்னும் கண்ணால் காணாத ஐந்து மாதக் குழந்தை ரோசரியும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். ஏழு வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. ஆகையால் இங்கே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். எனக்கே பாதிதான் புரிந்தது.

போன மாதம் 24-ந் தேதி காலையில் தபால்காரர் ஒரு நீள உறையைக் கொண்டுவந்தார். மேலே சிங்கமும் குதிரையும் போட்ட முத்திரை. உள்ளே சைகோனிலிருக்கும் கான்சல் துரை கையெழுத்துப் போட்ட இங்கிலீஷ் காகிதம். முப்பத்தொரு வருஷம் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன் நான், எனக்கு இங்கிலீஷ் தெரியாதா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். அதில் உங்கள் பெயர் இருந்தது, காரைக்கால் என்று இருந்தது, பிறகு 'ட்ரேஸ்' ஆகவில்லை என்று இருந்தது. மாப்பிள்ளை, எங்கள் ஆபீஸில் ஒரு மூட்டை ட்ரேஸ் ஆகவில்லை என்றால் அது போயே போய்விட்டது என்று அர்த்தம். நான் நாற்காலியில் உட்கார்ந்து, "அக்னஸ், மாப்பிள்ளை காணாமப் போயிட்டார்" என்றேன். அவ்வளவுதான். செல்வமேரி குழந்தையோடு தரையில் சாய்ந்துவிட்டாள், உங்கள் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டாள், அடுத்த வீட்டுக்காரர்கள் ஓடிவந்து அவர்களும் அழுதார்கள், யாரோ போய் உபதேசியாரை அழைத்து வந்து ஜெபமாலையும் தொடங்கியாயிற்று. நீங்கள் உயிரோடிருக்கும்போதே உங்கள் ஆத்துமத்துக்காக இரண்டு ஜெபமாலை சொல்லியிருக்கிறோம், அது வீண் போகாது.

மத்தியானத்துக்குமேல் செல்வமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, வேற யார்கிட்டயாவது அதைக் காட்டுங்க, நீங்க வாசிச்சது எனக்கு நம்பிக்கையா இல்ல" என்றாள். பெற்ற மகள் சொன்ன சொல்லைப் பாருங்கள். ஆனாலும் குதிரை வண்டி பிடித்துக் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்குப் போனேன். அங்கே சௌரிராஜன் என்று கலெக்டர் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எனக்குப் பழக்கம். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "ஓய் ஸ்தனிஸ்லாஸ், உம்ம மாப்பிள்ளை காணாமப் போகலை. பாஸ்போர்ட்டு காலாவதியாயிடுத்து, புதுசு கேட்டிருக்கார். அவர் நம்ம ராஜா பிரஜைங்கறதுக்குத்தான் ரிக்கார்டு ட்ரேஸ் ஆகலையாம். காரைக்கால்ல பொறந்திருக்காரோல்லியோ, அது பிரெஞ்சுக்காரன் சீமை. தகப்பனார் இங்கே பொறந்தவர்னு அத்தாட்சி அனுப்பினா போறும்" என்றார்.

"கான்சல் துரைன்னா யாருங்க, போலீஸா?" என்று கேட்டேன்.

"போலீஸும் இல்லை, ஜட்ஜும் இல்லை. அந்நிய தேசத்துல நம்ம பிரஜைகளைப் பாத்துக்கற உத்தியோகஸ்தர். பாஸ்போர்ட்டு தருவார். ஜெயில்ல மாட்டிண்டா வந்து பார்ப்பார். செத்துப்போனா சாமான்களைப் பத்திரமா ஊருக்கு அனுப்பிவைப்பார்."

இதை நான் வீட்டில் அப்படியே சொன்னதுதான் தப்பு. உங்கள் மாமியார் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, "ஏங்க, சாமான் எப்ப வரும்னு சொன்னாங்க?" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து நான் அலைந்தது கொஞ்சமல்ல. உங்கள் தகப்பனார் இன்னாசிராஜ் பாலக்கரையில் பிறந்தவர் என்பது ஊரறிந்தது. பங்குக் கோவிலில் ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் லத்தீனில் வெறும் இன்னாசி என்று இருக்கிறது. கல்யாணப் புத்தகத்தில் இன்னாசிராஜ். ராஜ் எங்கிருந்து வந்தது என்று பங்குச்சாமியார் என்னைக் கேட்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? காலமானவரைக் கேட்க முடியுமா? சௌரிராஜனிடம் மறுபடி ஓடினேன். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று மாஜிஸ்ட்ரேட் முன்னால் பிரமாணப் பத்திரம் செய்யும் என்று அவரே அழகாக எழுதிக் கொடுத்தார்.

மாஜிஸ்ட்ரேட் சின்ன வயசுக்காரர், ஆனால் கேள்வி பெரிசு. "இன்னாசியும் இன்னாசிராஜும் ஒரே ஆள்னு உமக்கு எப்படித் தெரியும்?"

"சம்பந்திங்க. எம்மக கல்யாணத்துல எதிர்ல உக்காந்து சாப்பிட்டார்ங்க. ஒரு இலைதான் போட்டோம். ரெண்டு பேரா இருந்தா ரெண்டு இலை போட்டிருப்பேங்க."

"அவர் பாலக்கரையில பொறந்ததை நீர் பார்த்தீரா?"

"அவர் என்னைவிட ஆறு வயசு மூத்தவர்ங்க."

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. நேற்றுப் பதிவுத் தபாலில் எல்லாவற்றையும் சைகோனுக்கு அனுப்பிவிட்டேன். ஆகையால் இனி நீங்கள் செய்ய வேண்டியது: இந்தக் கடிதம் கண்டவுடன் தலைவாரிக்கொண்டு கான்சல் துரையிடம் போய், என் மாமனார் காகிதம் வருகிறது, நான் சந்தேகமில்லாமல் உங்கள் பிரஜை என்று அடக்கமாகச் சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ராஜாவே கிடையாதாமே, அப்படிப்பட்டவர்களிடம் வாய் கொடுக்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்குள் எப்படியாவது வந்துசேருங்கள். செல்வமேரி உங்கள் போட்டோவைக் குழந்தைக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறாள், குழந்தை அதை நக்கி நக்கி உங்கள் முகத்தில் பாதி அழிந்துவிட்டது.

தேவமாதா உங்களைக் கடலிலும் கரையிலும் கைவிடாமல் காக்க வேண்டுமென்று மன்றாடும்,
மாமனார்,
ம. ஸ்தனிஸ்லாஸ்.

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டிவிட்டு நிமிர்ந்தேன். வாசலில் ஜட்காவிலிருந்து நீங்கள் இறங்குகிறீர்கள். உங்கள் மாமியார் சாமான்தான் வந்துவிட்டது என்று அலறியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கை கால் கழுவும்போது நீங்கள் சொன்னீர்கள்: "கான்சல் துரை நல்லவர்தான் மாமா. உங்களுக்கு எழுதியிருக்காராம், பதில் வர நாளாகும், பொறுத்துக்கோன்னார். எனக்குத்தான் பொறுக்கல. காரைக்கால்ல பொறந்தவன்னு பிரெஞ்சு ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். காகிதம் குடுத்துப் புதுச்சேரிக் கப்பல்ல ஏத்திவிட்டாங்க." இப்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறீர்கள். செல்வமேரி விசிறிக்கொண்டிருக்கிறாள், இருபத்தாறு நாளைக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள். எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. பைபிளைத் தொட்டு உங்களை இங்கிலீஷ் பிரஜை என்று சத்தியம் செய்த காகிதம் சைகோனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, நீங்களோ பிரெஞ்சுக்காரராக என் பாயில் குறட்டை விடுகிறீர்கள். நான் சத்தியம் செய்தது யாரைப் பற்றி? இந்தக் கடிதத்தை உங்கள் தலைமாட்டில் வைக்கிறேன். எழுந்து காப்பி குடித்ததும் முதல் வேலையாக, நீங்கள் யார் என்பதை ஒரு காகிதத்தில் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் தரவும்.